வியாழக்கிழமை டாக்டர்

டாக்டரிடம் போகிற வியாழக்கிழமைகளில் என் மாமியார் அரக்குப் பட்டு உடுத்திக்கொள்வார். யாராவது கேட்டால், "திருவிடைமருதூர்ல ஒரு விசேஷம்" என்பார். வாராவாரம் அப்படி என்ன விசேஷம் என்று தெருவில் எவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. மனநல டாக்டர் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வருவது வாரத்தில் அந்த ஒரு நாள்தான்.

கொள்ளிடத்தில் குளிக்கப் போன இளைய மகன் பிணமாகத் திரும்பிய பிறகு மாமியாருக்கு அவன் குரல் கேட்க ஆரம்பித்தது. "அம்மா, மடையைத் திறந்துவிடு" என்பானாம். வெயிலில் ஓடிப்போய் மடையைத் திறந்துவிடுவார். அடுத்தவர் வயலில் நாற்று மூழ்கும்; வீட்டு வாசலில் சண்டை நடக்கும். என் கணவர் துபாயில் இருந்தார். பேயோட்டச் சொன்னவர்களைத் தாண்டி நான்தான் மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் இளவயதுக்காரர். வெளியே அத்தனை கூட்டம் இருந்தும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"பையன் கூப்பிட்டா பயமா இருக்காம்மா?"

"பயமில்லைங்க. போகலன்னா புள்ள கோவிச்சுக்குவானேன்னுதான்."

டாக்டர் பேனாவைத் திறந்து மாத்திரை எழுதினார். சில மாதங்களில் மாமியார் உறங்கினார், சமைத்தார், களை பறிக்க ஆள் கூப்பிட்டார். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே, "இப்பல்லாம் அவன் கூப்பிடுறதே இல்லம்மா" என்றார். அது நிம்மதியா துக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

டாக்டருக்கு மாற்றல் வந்தது. அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. வியாழக்கிழமைகளில் மாமியார் பூட்டிய அறை முன்னால் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து, "வருவாருங்க, வண்டி தாமதமா இருக்கும்" என்று மற்றவர்களுக்கும் சேர்த்து ஆறுதல் சொன்னார். மாத்திரை தீர்ந்தது.

ஒரு காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "புள்ள வந்துட்டாம்மா!" என்றார். நான் காலி மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துப் பையில் வைத்தேன்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். எங்கள் முறை வரும்போது சாயங்காலம். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மாமியார் எழுந்து அவளை முன்னால் விட்டார்.

"என்னங்க அத்தை இது?"

"அவளுக்கு வயசு கெடக்கு. நமக்கு அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவளைப் பார்த்து முடித்ததும் டாக்டர் எழுந்துவிட்டார். அடுத்த வாரம் மாமியார் கிளம்ப மாட்டேன் என்றார். "அவ்ளோ தூரம் போயிட்டா, அவன் கூப்பிடுறப்ப யாரு இருப்பா?"

ஐப்பசி மழையில் வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடிய ஒரு மத்தியானம், நான் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. மடைக்குக் கொஞ்சம் தள்ளி, நாணல் புதரில் அவரைக் கண்டெடுத்தார்கள். விதி என்றார்கள் எல்லோரும். நான் தலையாட்டவில்லை.

அறுவடை முடிந்தபின் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புது டாக்டர் வந்திருக்கிறார், அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். மாமியார் இல்லை என்று நான் சொல்லவில்லை.

"வாராவாரம் வருவாருங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இப்போதைக்கு வருவாரும்மா."