வடிகட்டியில் வந்து சேர்ந்த முகக்கவசங்கள்

எஞ்சின் அக்கா என்று கேட்டால்தான் படகுத்துறையில் அவளைக் காட்டுவார்கள். துறைமுகத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகில், நிமிர்ந்து நிற்க முடியாத எஞ்சின் அறைதான் அவள் ராஜ்ஜியம். மேலே சுக்கான் பிடிப்பவன் அவளுடைய கொழுந்தன். வீட்டிலும் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும், வேலையிலும் அவள் வாயில்தான் விழ வேண்டும் என்பது அவன் புலம்பல்.

நோய் பரவிய காலத்தில், முகக்கவசம் போடாமல் படகில் ஏறக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் அவள். மூக்கை மூடிய பிறகு அந்தக் கவசம் போய்ச் சேர்ந்த இடம்தான் வினையானது.

எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். அந்தக் குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. முன்பெல்லாம் அதில் பாசி சிக்கும், எப்போதாவது ஒரு பிளாஸ்டிக் பை சிக்கும். இப்போது திறந்தாலே முகக்கவசம்.

ஒரு நாள் காலை, இரு கரைக்கும் நட்டநடுவில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடுகிடுவென ஏறியது. எஞ்சினை நிறுத்தினாள். படகு தள்ளாடத் தொடங்கியது.

“அண்ணி, என்னாச்சு? அலை பக்கவாட்டுல அடிக்குது!” என்று மேலேயிருந்து கொழுந்தன் கத்தினான்.

“உன் பயணிங்க கழட்டிப் போட்டதைப் பொறுக்கிட்டிருக்கேன், இரு!”

நாடாக்கள் ஒன்றோடொன்று பின்னி, கொழகொழவென்று ஒரு கொத்து. அதற்குள் கால்கள் கட்டுண்ட கட்டைவிரல் அளவு நண்டு ஒன்று. அவசரத்திலும் அந்த நாடாவை அறுத்தெறிய அவளுக்கு மனம் வந்தது. எஞ்சினை மறுபடி ஓட விட்டு, கொத்தும் கையுமாக நண்டைக் கடலில் விட மேலே வந்தாள்.

கோட்டு போட்ட ஒருவர் எழுந்து நின்றார். “ஏம்மா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு. என்ன படகு ஓட்டுறீங்க?” என்று திட்டுவதற்கு வசதியாக முகக்கவசத்தைக் கழற்றினார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது.

எல்லாரும் பார்த்தார்கள்.

“காத்துல போச்சு. நான் என்ன பண்றது?” என்றார் அவர். பிறகு, “வேற மாஸ்க் இருக்கா?”

எஞ்சின் அக்கா கையிலிருந்த கொத்தை நீட்டினாள். “பாத்து எடுத்துக்குங்க சார்.”

அன்று மாலையே மேலாளர் கூப்பிட்டுவிட்டார். “பயணிங்ககிட்ட மரியாதையா பேச மாட்டீங்களா?”

“பேசறேன் சார். துறையில இருக்கிற குப்பைத்தொட்டிக்கு ஒரு மூடி போட்டுக் குடுங்க. காத்தடிச்சா அத்தனையும் கடலுக்குத்தான் போகுது.”

“அடுத்த கூட்டத்துல பேசுவோம்.”

கூட்டம் நடந்தது. படகு இருக்கைக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேசினார்கள். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று என்று அவள் பழைய பலகையை அறுத்துத் தானே மூடி செய்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால், மூடியைத் தொடக் கூச்சப்பட்டு எல்லாரும் அதன் மேலேயே முகக்கவசத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காற்றுக்கு இன்னும் வசதி.

தலையில் அடித்துக்கொண்டாள். பழைய இரும்புத் தகட்டைப் பற்றவைத்து, காலால் மிதித்தால் திறக்கும்படி மாற்றினாள். அதற்குப் பிறகுதான் தொட்டி நிரம்பியது. மேலாளர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நோய் அடங்கியது, உத்தரவும் போனது. ஆனாலும் வடிகட்டி ஓயவில்லை. இப்போது வருவது முழுசாக வருவதில்லை. கிழிந்து, நைந்து, மயிர்போல நூல்நூலாக வடிகட்டியின் வலைக்கண் வழியே நுழைந்து பம்பைச் சுற்றிக்கொள்கிறது. பொறுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

“இப்பத்தான் யாரும் போடறதே இல்லையே அண்ணி, இன்னும் எங்கேருந்து வருது?” என்றான் கொழுந்தன்.

“அப்ப போட்டதெல்லாம் கரைஞ்சு காத்தாப் போயிடுச்சுன்னா நெனச்சே?” என்று எரிந்து விழுந்தாள். “வாய் பாக்காம அந்த இடுக்கிய எடு.”