எங்கள் சந்தும் எட்டு எலும்புகளும்

போன மாதம் மாட்டுங்கா ரயில் நிலையப் படியில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கிவிட்டது. எலும்பு மருத்துவர் சின்னப் பெண். எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, கட்டைவிரலுக்குக் கீழே மெல்லிசாக ஒரு கோட்டைக் காட்டினார். அவர் வாயைத் திறப்பதற்குள், "ஐயோ, எங்க வீடு!" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

"கியா ஹுவா, ஆண்ட்டி?" என்று இந்தியில் பதறி, தலையிலும் அடி பட்டதா என்று கேட்டார். இத்தனை வருடமும் எக்ஸ்ரே எடுத்துச் சோறு தின்றவள் நான் என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கள் வீடு அந்த எலும்புக்குள் எப்படிப் போனது என்று விளக்க நேரமில்லை. வெளியே வரிசையில் ஆட்கள். உங்களுக்குச் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் எக்ஸ்ரேக்கு வாசனையே கிடையாது. நான் படித்த காலத்தில் இருட்டறையில் மருந்துத் தண்ணீருக்குள் ஃபிலிமை முக்கி எடுப்போம். புளித்த காடி வாடை அடிக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். "ஊறுகா கம்பெனிக்கா போயிட்டு வாற?" என்பாள் ரஹ்மத்து. தாராவியில் எங்கள் சந்தின் எதிர்வரிசைக்காரி, என் வயசுதான். அவள் வாப்பா தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அவள் மேல் தோல் வாடை. எங்கள் இருவரில் யார் மோசம் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான். எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தபோது, என் உடம்பில் இருந்த எலும்பெல்லாம் திடீரென்று லத்தீன் பேச ஆரம்பித்தன. மணிக்கட்டில் மட்டும் கூழாங்கற்கள் மாதிரி எட்டு, இரண்டு வரிசையாக. காலையில் மனப்பாடம் செய்தால் மத்தியானம் காணாமல் போய்விடும். வாய்மொழித் தேர்வில் பரீட்சகர் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, இது என்ன என்றார். "எலும்பு, சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு தடவை போகலாம். அதிலும் விழுந்தால் படிப்பு முடிந்தது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அப்பளக் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள் என்று அம்மா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ரஹ்மத்து கேட்டாள்: "இதுக்கெல்லாம் ஏதும் அர்த்தம் இருக்காட்டி?"

எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியதில்லை. புத்தகத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஹாமேட் என்றால் கொக்கி. ட்ரைகுவீட்ரல் முக்கோணம். பிஸிஃபார்ம் பட்டாணி.

"கொக்கின்னா எங்க வீடுல்லா! வாப்பா பையெல்லாம் கொக்கியிலதான தொங்குது" என்றாள்.

"அப்ப முக்கோணம் ஒங்க எதிர்த்தாப்ல. சமோசா மாமா வீடு."

விளையாட்டாகத்தான் சொன்னேன். படத்தைப் பார்த்தால் கொக்கிக்கு எதிரே முக்கோணமேதான் இருந்தது. அந்த முக்கோணத்தின் மேல் பட்டாணி ஏறி உட்கார்ந்திருந்தது. சமோசா மாமா வீட்டு மேலறையில், இரும்பு ஏணியில் ஏறிப் போகும் இடத்தில், வாடகைக்கு இருந்தவர் பட்டாணிச் சுண்டல் விற்பவர்.

அப்புறம் விடுவோமா? லூனேட் என்றால் பிறை; ரம்ஜானுக்குப் பிறை பார்க்கச் சந்தே ஏறுவது காதர் பாய் வீட்டுக் கூரையில். மேசை என்று பெயர் கொண்ட இரண்டும், அடுத்தடுத்து மேசை போட்டுத் துணி தேய்த்த அண்ணன் தம்பிக்கு. தலை என்று பெயர் கொண்டது, சந்திலேயே உயரமான வீட்டுக்கு. பொருந்தாத இடத்தில் கொஞ்சம் இழுத்தும் பொருத்தினோம்.

மிஞ்சியது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் ஸ்கேஃபாய்ட். அதற்குப் படகு என்று அர்த்தம். மிஞ்சிய வீடு, சந்து முனையில் இருந்த எங்கள் வீடு.

"தாராவியில ஏதுட்டி படகு? மழைக்காலத்துல வேணா விடலாம்" என்று ரஹ்மத்து சிரித்தாள்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. "ஒங்க அப்பாட்ட கேளு" என்றாள்.

அப்பா வேலை முடிந்து வந்து கை கழுவும்போது கேட்டேன். "நீங்க படகு ஓட்டுனீங்களாப்பா?"

"படகு இல்ல. வள்ளம்" என்றார். ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தார். "இப்படித்தான் இருக்கும். அடி வளைஞ்சு." பிறகு அவராகவே சொன்னார். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை. அவரும் அவர் தம்பியும் ஓட்டிய வள்ளம். ஒருநாள் காற்றில் பாறையில் மோதியது. "தம்பி முன்னால இருந்தான். முன்னால இருக்கதுதான மொத அடி வாங்கும்."

"சித்தப்பாவுக்கு என்னாச்சுப்பா?"

"கெடைக்கல."

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பது, பத்தொன்பது வயதில், எலும்பு படிக்கப் போய்த்தான் தெரிந்தது. அப்பா புத்தகத்தை மூடி, அட்டையைத் தடவி, என்னிடம் கொடுத்தார்.

இரண்டாம் தேர்வில் பரீட்சகர் அந்தப் படகு எலும்பையே எடுத்து என் கையில் வைத்தார். பெயரைச் சொன்னேன். விழுகிறவர்களுக்கு இது ஏன் அதிகம் உடைகிறது என்று கேட்டார். "கையை ஊன்றும்போது இதுதான் சார் முன்னால் நிற்கிறது. முதல் அடி இதற்கு" என்றேன். பாஸ் போட்டுவிட்டார்.

மூளை என்ன கணக்கில் வேலை செய்கிறதோ தெரியாது. உறவு சொல்லிக்கொண்டு வராத எதையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது போல. அதற்குப் பிறகு எந்தப் புதுப் பெயர் வந்தாலும், நமக்கு இது என்ன முறை என்று கேட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.

அந்தச் சந்து இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. காதர் பாய் குடும்பம் மாஹிமுக்குப் போனது. தேய்ப்புக்கார அண்ணன் தம்பி அம்பர்நாத் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. நான் செம்பூரில் இருக்கிறேன். கோபர்கைரனேயில் இருக்கும் ரஹ்மத்து, என் கையை விசாரிக்கப் போன் செய்தாள். ஒரு பரீட்சையும் எழுதாதவள், எட்டுப் பெயரையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். பிறகு நிறுத்தி, "ஏட்டி, சமோசா மாமா பேரு என்ன?" என்று கேட்டாள்.

அவருக்குக் கோவில்பட்டிப் பக்கம். முதல் சமோசாவைக் காக்காய்க்கு வைப்பார். மழை பெய்தால் எங்களைக் கூப்பிட்டு உடைந்ததையெல்லாம் தருவார். எல்லாம் நினைவிருக்கிறது. பேர் மட்டும் வரவில்லை. எங்களுக்கு அது தெரிந்தே இருக்கவில்லை என்று மெல்லத்தான் உறைத்தது.

"யார்ட்டயாவது கேட்டுப் பாப்போம்" என்றாள்.

"யார்ட்ட?" என்றேன்.

அவள் கொக்கியில் ஆரம்பித்து, ஒவ்வொரு வீடாக மறுபடி எண்ணத் தொடங்கினாள்.