படிக்கு இரண்டு மதிப்பெண்

எதிர்முனையில் மணி அடிக்க அடிக்க லின்சி விரல் மடக்கி எண்ணுகிறார். ஐந்துக்குள் எடுத்துவிட்டால் முகம் மலரும். "எந்திரிச்சு வந்து எடுத்துட்டாங்க பாருங்க" என்பார் என்னிடம். போனை மடியிலேயே வைத்திருப்பவர்களும் உண்டே என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

தென்னூரில் ஒரு மருத்துவமனை. முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஓராண்டு என்று கூப்பிட்டு, எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று மதிப்பெண் போடுவது லின்சியின் வேலை. நான் அதே அறையில் பிசியோதெரபிஸ்ட். பன்னிரண்டு கேள்விகள், சிரமமே இல்லையென்றால் நாலு, முடியவே முடியாதென்றால் பூஜ்யம்.

கேள்வித்தாளை எழுதியவர் எந்த ஊரோ! 'காரில் ஏறி இறங்க முடிகிறதா?' என்று அதில் இருக்கும். லின்சி வாயில் அது "மினி பஸ்ல ஏறுறீங்களா?" என்று மாறிவிடும். மாதா கோயிலுக்குப் போகிறவர்களிடம், "பூசையில முட்டி போடுறீங்களா, பெஞ்சுலயே குனிஞ்சுக்கிறீங்களா?" என்பார்.

வலிக்கு மட்டும் தனியாகப் பத்து வரை அளவு. பத்து என்றால் தாங்க முடியாத வலி. லால்குடி வேலம்மாளிடம், "பத்துக்கு எத்தனைம்மா போடலாம்?" என்று கேட்டார்.

"பத்துக்குப் பத்து போட்டுக்கம்மா. அந்த டாக்டர் தம்பி நல்லா இருக்கணும்."

"சரிங்கம்மா, டாக்டருக்குப் பத்து. வலிக்கு?"

"வலியா? வயல் வரைக்கும் போயிட்டு இப்பதான் வரேன்."

பூஜ்யம் போட்டுக்கொண்டார்.

லின்சிக்குச் சவால் வேறு வகை ஆட்கள். ஸ்ரீரங்கத்தில் முப்பது வருடம் பைக் மெக்கானிக்காக இருந்த முருகானந்தம் மூன்றாவது மாதத்தில் எல்லாக் கேள்விக்கும் "ஜம்முனு இருக்கேன்" என்றார். படி இறங்குகிறீர்களா? "டெய்லி கோயில் வாசல் வரைக்கும் போறேன்." பின்னாலிருந்து அவர் மனைவி கலைமதியின் குரல் கேட்டது: "யாரு போறது?"

லின்சி நாலு என்று எழுதினார். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முருகானந்தம் நாற்காலியில் இருந்தார். முட்டியை அளந்தேன். நன்றாக மடங்கியது, தொடையிலும் பலம் இருந்தது. "படி ஏறி இறங்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

"மூணு மாசமா இதேதாங்க சொல்றாரு" என்றார் கலைமதி. "செக்கப்புக்கே ரெண்டு பேர் நாற்காலியோட தூக்கிட்டுப் போறாங்க. விழுந்துடுவோம்னு பயம்."

"பயமெல்லாம் இல்ல" என்று முருகானந்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லின்சி படிவத்தைப் பையில் வைத்தார். விடைபெற்றுக் கீழே வந்தோம். லின்சி தன் ஸ்கூட்டியில் எஞ்சினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரை அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார்.

"அப்படி அமுக்காதம்மா! பேட்டரி போயிடும்!" மேலே ஜன்னலில் தலை தெரிந்தது.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது சார். உதைச்சுப் பார்க்கட்டுமா?"

"உதைக்கிறதா? தொடாத, இரு!"

ஒரு கை கைப்பிடியில், ஒரு கை கலைமதியின் தோளில். நல்ல கால், புதுக் கால் என்று யோசித்து, ஒவ்வொரு படிக்கும் லின்சியைத் திட்டியபடி அவர் இறங்கினார். நான் மேலே ஓடிப்போய் அவருக்கு முன்னால் ஒரு படி கீழே நின்றுகொண்டேன். லின்சி செல்போனில் நேரம் பார்த்தார். முப்பத்தாறு படி, ஆறரை நிமிஷம்.

முருகானந்தம் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு ஸ்விட்சைத் தட்டிவிட்டு ஸ்டார்ட்டரைத் தொட்டார். உடனே ஸ்டார்ட் ஆனது. லின்சியை நிமிர்ந்து பார்த்தார். லின்சி வானத்தைப் பார்த்தார்.

"பிரேக்கும் சரியில்ல போலிருக்கு" என்றபடி மெல்ல ஏறி உட்கார்ந்தார். "ஒரு ரவுண்டு பார்த்துட்டுத் தரேன்."

"என்னங்க!" என்று கலைமதி கத்துவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

லின்சி பையிலிருந்து படிவத்தை எடுத்தார். 'படி இறங்குதல்' என்ற இடத்தில் நாலை அடித்து இரண்டு என்று எழுதி, மை காய ஊதினார்.