மாரியப்பன் திருப்பி எடுத்த மூட்டை

நேற்று ஒரு கடையில் வெல்ல உருண்டையை முகர்ந்தபோது, எழுபதுகளில் மூணாறுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் அம்மா நடத்திய பலசரக்குக் கடை நினைவுக்கு வந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு லாட்ஜ் நிற்கிறது. அன்று தகரக் கூரையில் மழை இரைய, ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்து மணக்க, வாராவாரம் மறையூர் பஸ்ஸின் மேலிருந்து, அங்கே கரும்பாலை வைத்திருந்த மாரியப்பன் காய்ச்சிய வெல்லம் இறங்கும். அம்மா மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் மூட்டை வந்தது. அடுத்த பஸ்ஸில் மாரியப்பனே வந்து நின்றார்.

“யக்கா, அத விக்காதீங்க. பாகு அடிப்பிடிச்சிருச்சு. நான் இல்லாத நேரத்துல ஆலை ஆளுங்க ஏத்தி விட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில வேற கொண்டாறேன்.”

அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். கசந்தது. மூட்டையை அவரிடமே கொடுத்தனுப்பினாள்.

அன்று மதியமே உடுமலைப் பக்கத்து வியாபாரி ஒருவர் பளபளவென்று மஞ்சள் வெல்லம் காட்டினார். அம்மா வாங்கவில்லை. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். பொங்கலுக்கு வெல்லம் இல்லாத கடைக்கு அப்புறம் யார் வருவார்கள்?

“நட்டம்னு தெரிஞ்சும் மலையேறி வந்து சொல்லியிருக்காரு. அவரு சரக்கு வர்றப்ப இங்க வேற சரக்கு கெடந்தா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் பெண்களிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சிலர் முணுமுணுத்தபடி பக்கத்துக் கடைக்குப் போனார்கள். மற்றவர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வெல்லம் வரவில்லை. இரண்டாவது பஸ்ஸில், சூடு ஆறாத மூட்டையோடு, கண் சிவந்து மாரியப்பன் இறங்கினார்.

அந்த வருஷம் எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் மத்தியானம்தான் பால் பொங்கியது.