மாமா என்று சொன்ன வாய்

பாப்பாத்தி ஜெயித்ததை வரிசையாகச் சொன்னால் இப்படி வரும். ஏழு வயதில் காசநோய். பிழைக்காது என்று டாக்டர் கைவிரித்த பிள்ளை எழுந்து நடந்தது. சிங்கப்பூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, முப்பது வயதில் கப்பல் பட்டறை விபத்தில் புருஷன் போனான். நாலு வயது வித்யாவைத் தனியாளாக வளர்த்து பாலிடெக்னிக்கில் சேர்த்தாள். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் பதினாறு வருஷம் துப்புரவு வேலை, மூன்று முறை சிறந்த ஊழியர் விருது. சிராங்கூனில் மூன்றறை வீடு, அவள் பெயரில். இந்தி, மலாய், சண்டை போடும் அளவுக்கு ஹொக்கியன் சீனம், எல்லாம் காதால் பிடித்தது. இத்தனையும் ஓர் எழுத்துகூடத் தெரியாமல். பஸ் எண்களைப் படம்போல் மனத்தில் வைத்திருந்தாள். கையெழுத்து கேட்ட இடத்திலெல்லாம் இடது கைப் பெருவிரலை நீட்டினாள்.

2024 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சிக்கு வித்யா அவளைக் கூட்டிப் போனாள். ஜாலான் புசாரிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் தியேட்டர். இந்திப் படம். பம்பாயில் நடைபாதையில் தூங்கும் சுமைகூலிகளை ஒருவன் கொல்கிறான். நிஜத்தில் கொலைகாரன் கடைசிவரை பிடிபடாத வழக்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

"திரில்லர்லா அம்மா, உங்களுக்குத்தான் இந்தி புரியுமே" என்று பாப்கார்னை நீட்டினாள் வித்யா. தாத்தா பம்பாயில் ஏதோ விபத்தில் செத்தார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தது.

படத்தில் ஆறு வயதுத் தமிழ்ப் பெண் குழந்தை வந்தது. அப்பன் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து, யார் வந்தது என்று கேட்டார். குழந்தை "மாமா" என்றது. அடுத்த ஒரு மணி நேரமும் திரையில் ஒரே வேட்டை. பிடிபட்டவன் குழந்தையின் தாய்மாமன் சின்னா. கோணிமூட்டை தூக்கும் கொக்கியோடு அவன் சிரித்ததும் தியேட்டரே உச்சுக்கொட்டியது.

பாப்பாத்தி பாப்கார்ன் டப்பாவை நசுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்தக் குழந்தை அவள்தான்.

1985-இல் பம்பாயில் அவள் அப்பா மாணிக்கம் பஞ்சுக் கிடங்கு வாசலில் செத்துக் கிடந்தார். அந்த மழைக்காலத்தில் அது ஏழாவது கொலை. முந்தின சாயங்காலம் யாரோ ஒருவன் வந்து அப்பாவிடம் தீப்பெட்டி கேட்டான். அதைத்தான் அவள் சொன்னாள்: "ஒரு மாமா வந்தாரு, கொக்கி வெச்சிருந்தாரு." தமிழ்க் குழந்தைக்குத் தெருவில் போகிற எந்த ஆம்பிளையும் மாமாதான். இந்திக்காரருக்கு மாமா என்றால் அம்மாவோடு கூடப்பிறந்தவன் மட்டும்தான். "மாமாவா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குழந்தை தலையாட்டியது. அவள் விரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டினார்கள்.

அம்மாவின் தம்பி சின்னராசுவை அன்றைக்கே இழுத்துப் போனார்கள். இருபத்து மூன்று நாள். எட்டாவது பிணம் விழுந்தபோது அவர் லாக்கப்பில் இருந்தார், அதனால் விட்டார்கள். அதற்குள் வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. கை நகங்களில் நாலு இல்லை. தம்பியைத் திண்டுபோல் தூக்கி வந்து போட்ட அன்று, அம்மா கரண்டியைக் காய்ச்சி பாப்பாத்தியின் உதட்டில் வைத்தாள். மூத்தவள் சக்தி ஐந்தாவது வரை படித்தாள். இளையவளைப் பள்ளிக்கூடம் பக்கமே விடவில்லை. "பேசியே ஒருத்தன் காலை ஒடிச்சவ. இவ எழுதக் கத்துக்கிட்டா ஊரையே தூக்குல போட்டுடுவா" என்று அம்மா சாகும்வரை சொன்னாள்.

படம் வந்த இரண்டாம் வாரம் பம்பாயில் சின்னராசு இருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எழுபது வயது, நொண்டிக் கால். பாப்பாத்தி போன் போட்டாள்.

"தெருப் பசங்க கொக்கியைக் காட்டி கும்புடுறானுங்க" என்று சிரித்தார். "டீக்கடையில நான் போனா பெஞ்சு காலியாயிடுது. ராஜ மரியாதை."

"நான் பேசி சரி பண்றேன் மாமா."

"பேசாத தாயி. நீ பேசினது போதும்." கொஞ்சம் இருமினார். "வீட்டுக்காரன் பேப்பர் கேக்குறான். நீ கொலைகாரன் இல்லேன்னு பேப்பர் கொண்டாங்கிறான். பேப்பருக்கு நான் எங்க போவேன்? என்னைப் பத்தி இருக்கிற ஒரே பேப்பர் அன்னைக்கு நீ விரல் வெச்ச பேப்பர்தான்."

படத்தை சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தவர்களிடம் வேலை பார்த்தவன் வெங்கட். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே அவன் அலுவலகம். அம்மாவும் மகளும் படியேறிப் போனார்கள்.

"அக்கா, ஆரம்பத்துலயே கற்பனைன்னு போட்டிருக்காங்கலா."

"பேரு கற்பனை இல்லையே தம்பி. சின்னான்னுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவாங்க."

அவன் பம்பாய்க்குப் பேசிவிட்டு முகம் மாறித் திரும்பினான். "அவங்ககிட்ட போலீஸ் பேப்பர் காப்பி இருக்காம். பொண்ணோட ரேகையும் இருக்காம். அதை வெச்சுத்தான் கதை பண்ணாங்களாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வேணும்னா இன்னொண்ணு சொல்றாங்க. அந்தக் குழந்தை நீங்கதான்னு ஒரு வீடியோ பேட்டி குடுத்தா, நல்லா ஓடும்."

"தூ" என்றாள் வித்யா, தமிழில்.

முடிவில் பேச்சு இவ்வளவுதான்: அந்த வாக்குமூலம் தவறு என்று வக்கீல் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், இணையத்தில் வெளியிடும்போது படத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள்.

வித்யா ஆங்கிலத்தில் கடிதத்தைத் தட்டினாள். கீழே பெருவிரல் வைக்க இடம் விட்டாள். பாப்பாத்தி அதை ஒதுக்கித் தள்ளினாள்.

"விரலை வெச்சுத்தான் அந்த மனுஷன் காலை ஒடிச்சேன். எழுதித்தான் குடுப்பேன்."

ஏழு வாரம் ஆனது. விமான நிலையத்து வேலை முடிந்து வந்து, நாள்காட்டித் தாள்களின் முதுகில் தன் பெயரை எழுதிப் பழகினாள். ஐந்து எழுத்து. பா வந்தது. தி வந்தது. ஒற்றெழுத்துப் புள்ளிகள் மட்டும் மறந்து போகும். "பாபபாததி யாரும்மா?" என்று வித்யா சிரித்தால், "உன் சின்ன வீட்டுப் பாட்டி" என்பாள். தரை துடைக்கும் மாப் பிடித்துக் காய்த்த கை பேனாவை நழுவவிட்டது. பேனாவில் ரப்பர் பட்டையைச் சுற்றிக்கொண்டாள். ஐந்தாம் வாரம் சின்னராசுவை அறையிலிருந்து வெளியே தள்ளிப் பூட்டிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. விரலை வைத்து உடனே அனுப்பிவிடலாம் என்று வித்யா அழுதாள். பாப்பாத்தி அசையவில்லை. அது பிடிவாதமா பாவமா என்று இன்றும் வீட்டில் பேச்சு உண்டு.

படத்தில் ஒரு வரி சேர்ந்தது. எல்லாப் பெயர்களும் ஓடி முடிந்த பிறகு, நாலு விநாடி. கடிதத்தின் நகலை சின்னராசு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இப்போது படுக்கிற மேம்பாலத் தூணில் ஒட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் அடியில் இருக்கும் ஐந்து எழுத்தை விரலால் காட்டி, "என் அக்கா மக எழுதினது" என்கிறாராம்.

வக்கீல் ஞானசேகரன் அலுவலகத்தில், நின்றுகொண்டே, மொத்தம் இரண்டே புள்ளிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, இரண்டையும் சரியான இடத்தில் வைத்து அவள் தன் பெயரை எழுதிய நாள் 2024 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை.