காலியாக விட்ட முதல் வரி

அந்தச் சிவப்புப் பேனாவின் மூடி கழலும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் எனக்கு முதல் நியமனம். காலை ஏழரைக்கு ஆசிரியர் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் தாமதம். தாமதங்கள் சேர்ந்தால் அரைநாள் லீவு போய்விடும். கோடு போடுவது பிரதி அதிபரின் பொறுப்பு. அந்த மனிதர் முழு மனதோடு செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

எட்டு மாதப் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு டிக்கோயாவில் பஸ் பிடிப்பேன். பஸ் வளைவில் திரும்புவது அலுவலக ஜன்னலில் தெரியும். தேயிலைக்கு நடுவே நான் படியேறத் தொடங்கியதும் அவர் மூடியைக் கழற்றுவார். ஏழரைக்கு நாலைந்து நிமிடம் இருக்கும்போதே, அடிமட்டம் வைத்து, அத்தனை கவனமாக இழுப்பார்.

“டீச்சர், புள்ளையா இஸ்கூலான்னு ஒரு முடிவுக்கு வாங்க” என்பார், எல்லோருக்கும் கேட்கும்படி. நான் “சொரி சேர்” என்று சொல்லிக் கீழே கையெழுத்திடுவேன். மணிக்கூடு சுவரில்தான் தொங்கியது. இருந்தும் தவறு என்னுடையதோ, மணிக்கூடுதான் பிந்தி ஓடுகிறதோ என்று எனக்கே சந்தேகம். பிள்ளையின் கிளினிக்குக்காகப் பொத்திவைத்திருந்த லீவு அரைநாள் அரைநாளாகக் கரைந்தது.

அவரோ சில நாள் எட்டு மணிக்கு வருவார். அன்றைக்குக் கோடே விழாது. அவருக்காக ஒவ்வொரு நாளும் முதல் வரி காலியாக இருக்கும். நேரத்தோடு வந்தாலும் தேநீர் குடித்த பிறகு, ஆற அமர அங்கே கையெழுத்திடுவார். வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து யாராவது வந்தால் அவர்களின் குடையைப் பிடித்துக்கொண்டே ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்.

ஒரு நாள் மை காயாத கோட்டைப் பார்த்தேன். மணி ஏழு இருபத்தாறு. அடுத்த கிளினிக்குக்கு லீவு மிச்சமில்லை. முதல் வரியில் என் பெயரையும் நேரத்தையும் எழுதினேன்.

“அது என்னோட எடம், டீச்சர்!”

“பேரு போடலீங்களே சேர். மணி ஏழு இருபத்தாறுதான், நீங்களே பாருங்க.”

மூலையிலிருந்த சங்கீத டீச்சர், “கோட்டுக்குக் கீழ நெறைய எடம் இருக்குங்க சேர்” என்றார். சிரிப்பை யாரும் மறைக்கவில்லை.

அவர் கோட்டுக்குக் கீழே போகவில்லை. தாளின் ஓரத்தில், நசுங்கிய எறும்பைப் போல ஒரு கையெழுத்தைச் செருகினார். இவருக்குப் பயந்தா இத்தனை மாதம் ஓடினேன் என்று அருவருப்பாக இருந்தது, அவர் மீதும், கொஞ்சம் என் மீதும். வீடு திரும்பும் பஸ்ஸில், மரியாதை தவறிவிட்டேனோ என்று மறுபடி குழம்பினேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கோடு ஏழரைக்குத்தான் விழுந்தது.

இப்போது வேறு பாடசாலை. இங்கே கோடு போடுவது முறை வைத்து; இந்த வாரம் சிவப்புப் பேனா என் கையில். முதல் வரியில் என் பெயரும் வந்த நேரமும் இருக்கின்றன. ஜன்னலில் பார்க்கிறேன்: புதிதாக வந்த டீச்சர் குடையை மடக்கக்கூட நேரமில்லாமல் மூச்சிரைக்கப் படியேறுகிறார். மணிக்கூட்டை இரண்டு முறை பார்த்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. பேனா மூடியபடியே இருக்கிறது.