ஒழுங்கையில் இறுகிய பிக்கப்

எங்கள் அப்பாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று அயலட்டை முழுவதும் முடிவுகட்டியபோது எனக்கு ஒன்பது வயது. சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, ஆளாளுக்குப் புது மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் அப்பா மட்டும் ஒரு பழைய பிக்கப் வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கிக்கொண்டு வந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில், வாடகைக்குப் பிடித்த லாண்ட்மாஸ்ரர் கை உழவு மெசினுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

மருதனார்மடத்துக்கு அங்கால், பழைய இரும்பு வாங்குபவரின் வளவில் எருக்கலைப் பற்றைக்குள் கிடந்த சாமான் அது. என்ன நிறம் என்று கேட்டால் கறள் நிறம் என்றுதான் சொல்லவேண்டும். கதவைத் தொட்டால் துருத் தூள் கொட்டியது. கால் வைக்கும் இடத்தால் கீழே நிலம் தெரிந்தது. சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. அம்மா அதைச் சுற்றிப் பார்க்கும் முன்னமே கேட்டுவிட்டார்.

“உதை வச்சு என்ன செய்யப் போறியள்?”

“திருத்தினால் ராசா மாதிரி ஓடும். இந்த முறை நல்லூர்த் தேருக்கு எல்லாரும் உதிலைதான் போறம்” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, “பிள்ளை பின்னாலை நிண்டுகொண்டு வரலாம்” என்றார்.

அந்த ஒரு வசனத்தோடு நான் கட்சி மாறிவிட்டேன். அடுத்த நாளே ரியூசனில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. நாங்கள் தேருக்குச் சொந்த வாகனத்தில் போகப்போகிறோம், நான் பின்னால் நின்றுகொண்டு போகப்போகிறேன். இனி அந்த வண்டி ஓடாவிட்டால் எனக்கு மானம் போய்விடும்.

ஆனால் வண்டி ஓடுவது இருக்கட்டும், அது வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு பெரியப்பாவின் வீடு. அப்பாவின் சொந்த அண்ணன். நடுவில் ஒடுங்கிய பாதையாய் ஒரு ஒழுங்கை. அப்பாவின் தகப்பனான அப்பப்பாவின் காணியைப் பிரித்தபோது, ஆளுக்குச் சரிபாதி விட்டுக்கொடுத்துப் போட்ட ஒழுங்கை அது. நான்தான் கூட விட்டேன், மற்றவர் குறைத்து விட்டார் என்று இரண்டு பேருக்கும் மனத்தாங்கல். அதனால் பெரியப்பா வேலி அடைக்கும்போது வேலித் தடிகளான கதியால்களைக் கொஞ்சம் வெளியே தள்ளி நடுவார். அடுத்த முறை அப்பா தன் வேலியைக் கொஞ்சம் வெளியே தள்ளுவார். அவர் தள்ளினார் என்று இவர், இவர் தள்ளினார் என்று அவர். கடைசியில் பேச்சும் நின்றுபோய்விட்டது. நான் பிறந்த பிறகு அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை கதைத்து நான் கேட்டதில்லை. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இந்தச் சட்டம் கிடையாது. ஆண்கள் தோட்டத்துக்குப் போனதும் ஒழுங்கைக்குள் வந்து நின்று கதைப்பார்கள். கறிச்சட்டிகள் அங்காலும் இங்காலும் போய்வரும். கணவன்மார் வரும் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவார்கள். நல்ல நடிப்பு.

அப்பா எதையும் அளக்காமல் செய்யமாட்டார். பிக்கப்பின் அகலத்தை நூல் பிடித்து அளந்தார். எங்கள் வாசல் படலையை அளந்தார். ஒழுங்கையை மட்டும் அளக்கவில்லை. ஏன் அளக்கவேண்டும்? ஒழுங்கையின் அகலம்தான் காணி உறுதியில் எழுதியிருக்கிறதே. அந்த ஒழுங்கையை வருசம் வருசமாகத் தின்றவர்களில் தானும் ஒருவர் என்பது அவருடைய ஞாபகத்தில் இல்லை.

லாண்ட்மாஸ்ரர் சுகமாக உள்ளே போய்விட்டது. பின்னால் வந்த பிக்கப் பாதி ஒழுங்கையில் இரண்டு வேலிக்கும் நடுவே இறுகிக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. முன்னால் மாட்டுப்பட்டுப்போன லாண்ட்மாஸ்ரர்காரர், “அண்ணை, என்ர மெசினை இனி நான் தலையிலை வச்சோ கொண்டுபோறது?” என்று கேட்டார். அப்பா பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளத் தள்ள வண்டி இன்னும் இறுகியது.

அப்போதுதான் பெரியப்பா வெளியே வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். பிடுங்கிக் கட்டிவைத்த பீற்றூட் அவருடைய முற்றத்தில் கிடந்தது. விடியச் சந்தைக்குப் போகவேண்டும். வழி அடைபட்டுக் கிடந்தது. அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானும் பயந்துபோய்த்தான் நின்றேன்.

பெரியப்பா வண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொனற்றில் கையை வைத்து, அந்த வண்டிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“உது அப்பான்ர வண்டி இல்லை.”

வண்டிக்குப் பின்னால் நின்ற அப்பாவின் குரல் வந்தது. “அப்பான்ர வண்டி எண்டு ஆர் சொன்னது? அதே மாதிரி ஒண்டு.”

“அதுக்கு வலப்பக்கத்து மட்காட்டிலை நெளிவு இருந்தது.”

“அந்த நெளிவு நீங்கள் மதகிலை கொண்டுபோய் அடிச்சது, அண்ணை.”

அப்பப்பாவிடம் அப்படி ஒரு பிக்கப் இருந்ததாம். இரண்டு பேரும் வாகனம் ஓட்டப் பழகியது அதில்தானாம். பெற்றோல் இல்லாத காலத்தில் அதைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்களாம். இடம்பெயர்ந்து போனபோது கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை, வண்டியும் இல்லை. இதெல்லாம் அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெரியப்பா உள்ளே போய்க் கத்தியோடு வந்தார். அம்மா “முருகா” என்றார், மெல்லமாக. பெரியப்பா நேரே போய்த் தன்னுடைய வேலிக் கதியாலை வெட்டத் தொடங்கினார். அதைப் பார்த்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் விட்டுக்கொடுத்துத் தான் பேசாமல் நிற்பதா? ஓடிப்போய் இரும்பு அலவாங்கை எடுத்துவந்து எங்கள் பக்கத்து வேலியைக் கிண்டத் தொடங்கினார். அவர் இரண்டு கதியால் வெட்ட இவர் மூன்று பிடுங்கினார். தள்ளி நட்ட வேகத்தைவிடப் பிடுங்கின வேகம் கூட. “காணும் அண்ணை, நிப்பாட்டுங்கோ, இனி பஸ்ஸும் வரும்” என்று லாண்ட்மாஸ்ரர்காரர் கத்தியும் அவர்கள் விடவில்லை.

பிக்கப் எங்கள் மாமரத்துக்குக் கீழே வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து தோட்டவேலை முடிந்ததும் பெரியப்பா மாமரத்தடிக்கு வந்துவிடுவார்.

“பிளக்கைக் கழட்டினனியோ?”

“ஓம் அண்ணை. மண்ணெண்ணெய் விட்டு ஊறப் போட்டிருக்கிறன்.”

“கார்பரேற்றரை இன்னொருக்கால் கழுவு. உப்பிடியே பூட்டினால் இழுக்காது.”

இதுதான் இருவரும் கதைத்த கதை. காணியைப் பற்றி இல்லை, வேலியைப் பற்றி இல்லை, கதைக்காமல் போன வருசங்களைப் பற்றி இல்லை. வண்டி, வண்டி, வண்டி. நிறம் பூசுகிற நேரத்தில் அப்பா பச்சை என்றார், பெரியப்பா நீலம் என்றார். அதைப் பற்றியே எத்தனையோ பின்னேரம் சந்தோசமாகச் சண்டை பிடித்தார்கள். எனக்கோ வயிறு எரிந்தது. நல்லூரில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. இவர்கள் இன்னும் ஒரு நட்டைப் பூட்டுவதும் பிறகு அதையே கழற்றுவதுமாக இருந்தார்கள். “தேருக்கு ஓடுமோ, ஓடாதோ?” என்று நான் தினமும் போய்க் கேட்பேன். “ஓடும், ஓடும்” என்பார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், என்னைப் பார்க்காமல்.

ஓடத்தான் செய்தது. பெரியப்பா ஹான்டிலைப் போட்டுச் சுற்ற, அது இருமி, கறுப்பாய்ப் புகைத்து, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. பெரியப்பா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா “அண்ணை” என்று மட்டும் சொன்னார்.

தேரன்று விடியப்புறம் அம்மாவும் பெரியம்மாவும் பட்டுச்சேலையோடு பின்னால் பாய் விரித்து இருந்தார்கள். நான் முன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் போனவர்கள் எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள். என் ரியூசன் கூட்டாளி ஒருத்தி தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து வாயைப் பிளந்து பார்த்தாள். எனக்குச் சந்தோசத்தில் அவ்வளவு புளுகம்.

எனக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல். அதற்குள்ளால் அப்பாவின் பிடரியும் பெரியப்பாவின் பிடரியும் தெரிந்தன. அப்பா றோட்டைப் பார்த்தார். பெரியப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தார். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒரு இடத்திலும் இருமவில்லை.

“நல்லாய் ஓடுது” என்றார் அப்பா.

“ஓம்” என்றார் பெரியப்பா.

போகும்போது அவ்வளவுதான். தேர் பார்த்துவிட்டு வரும்போது அதுவும் இல்லை. பெரியம்மா கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ வச்சிருக்கினம்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நான் விளையாடிவிட்டு வந்தபோது எஞ்சின் மாமரக் கொப்பில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சாக்கை விரித்து, கியர்பொக்ஸைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பரப்பியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நேற்று நல்லாய்த்தானே ஓடினது. ஏன் கழட்டினீங்கள்?”

“மூண்டாம் கியரிலை ஒரு இரைச்சல், பிள்ளை” என்றார் பெரியப்பா.

“ஓம் அண்ணை, நானும் கவனிச்சனான்” என்றார் அப்பா.

போகவர முழுக்கப் பின்னால் நின்றவள் நான். அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்று காலை உதைத்துச் சொன்னேன். பொய் சொல்கிறார்கள் என்றும் சொன்னேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு பற்சக்கரங்களைத் துடைத்தார்கள். அம்மா வந்து என்னை இழுத்துக்கொண்டு போய், இரண்டு கோப்பைத் தேத்தண்ணியைக் கையில் தந்து, “கொண்டுபோய்க் குடு. ஒண்டும் கேளாதை” என்றார்.

நன்றாக ஓடுகிற வண்டியைக் கழற்றிப் போடுகிற விசரர்கள் என்று ரியூசனில் போய்ச் சொல்லி எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். திருத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லாவிட்டால் நாளைக்கு எதைச் சொல்லி ஒழுங்கையைத் தாண்டுவது என்று அந்த இரண்டு பெரிய மனிதரும் நல்லூரிலிருந்து வீடுவரை பயந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.